சேர்த்துப் புரட்டிய இரண்டு தாள்கள்

லாசர் காலை ஐந்தரை மணிக்கு இறந்துபோனார். ஒன்பது மணிக்கு அவருடைய மகன் சவரிராயன் பாவடிக்குப் போய்ப் புத்தகம் படிக்க வேண்டும்.

போகாமல் இருக்கலாம். ஆனால் போகாவிட்டால் அப்பனைப் புதைக்க வழி இல்லை.

ஏரிமேட்டுப்புதூரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏழு. ஏழும் ஊருக்கு மேற்கே. கல்லறைத் தோட்டமோ கிழக்கே, ஏரியைத் தாண்டி. அறுபது வருஷமாக ஏரியோரத்துப் பாதையில்தான் பெட்டியைச் சுமந்துபோனார்கள். இந்த ஐப்பசியில் பெய்த மழையில் ஏரி நிரம்பிப் பாதை முழுகிவிட்டது. தை பிறந்து பத்து நாளாகியும் அங்கே கழுத்தளவு தண்ணீர். மிச்சம் இருப்பது ஒரே வழி. ஊருக்கு நடுவே, நெசவுக்காரர்களின் பாவடி.

ராசிபுரம் பக்கத்து ஊர்களில் பாவடி என்பது வெறும் மைதானம் அல்ல. விடியற்காலையில் அங்கேதான் தறியில் ஏற்றும் நீள நூலான பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். நாற்பது முழ நூலில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு இருக்கிறது. அங்கே பிணம் போகக் கூடாது. சாவு விழுந்த வீட்டு ஆள் கால்கூட வைக்கக் கூடாது. வைத்தால் பாவுக்குத் தீட்டு. அந்தப் பாவில் நெய்த சேலை எந்தக் கலியாண வீட்டுக்கும் ஆகாது.

"கோயில்ல சாவு மணி அடிக்கச் சொல்லட்டுங்களா?" என்று சவரிராயனின் மனைவி செல்வமேரி கேட்டாள். கண் சிவந்திருந்தது. மாமனாரின் கைகளில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தாள்.

"வேண்டாம்."

"மாமன் செத்துக் கெடக்கறாரு. மணியும் அடிக்கப்படாது, வாய்விட்டு அழுவவும் படாதுன்னா எப்படிங்க?"

"பன்னெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்க மேரி. மணிச் சத்தம் கேட்டுதுன்னா என்னையப் பாவடிக்குள்ள உட மாட்டாங்க. தீட்டும்பாங்க."

"நமக்கு ஏதுங்க தீட்டு?"

"நமக்கில்ல. அவங்களுக்கு இருக்குதில்ல."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்ப மறைச்சுட்டுப் போறீங்க."

பங்குச் சாமியாரை அழைத்துவர ராசிபுரத்துக்கு சைக்கிளில் ஆள் போயாகிவிட்டது. மூன்று மணிக்கு வந்துவிடுவார். மூன்று மணிக்குள் வழி வேண்டும். சவரிராயன் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டான்.

கக்கத்தில் இருந்த புத்தகம்தான் அவனுடைய இரண்டாவது கவலை.

*

சவரிராயனுக்குச் சேலத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வருவான். பாவடி மேடையில் ஞாயிறுதோறும் வாரப் பத்திரிகை படித்துக் காட்டுவது முன்பு மணியன் என்ற இளைஞனின் வேலை. ஊர் நாட்டாமைக்காரர் கைலாசத்தின் மகன் அவன். கதர்க் கொடியோடு ராசிபுரம் கடைவீதியில் ஊர்வலம் போனதற்காக ஒரு வருஷம் உள்ளே போய்விட்டான். தொடர்கதை பாதியில் நின்றது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் ஊரே தவித்தது. சவரிராயனைக் கூப்பிட்டார்கள். மேடைப் படியில் உட்கார்ந்து அவன் படிக்க, பாவு நீவுகிறவர்கள் கையை நிறுத்தாமல் கேட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் லாசர் படுக்கையில் விழுந்தார். கொத்தனாராக ஊரில் பாதிச் சுவரை எழுப்பிய மனிதர், சுவரைப் பிடித்துக்கூட எழ முடியாமல் போனார். அப்போதுதான் சவரிராயன் வழி கேட்டான்.

கைலாசம் உடனே முடியாது என்று சொல்லவில்லை. "சபைல கேட்டுத்தான் சொல்லோணும்" என்றார்.

"கேக்கறதுக்கு முந்தி ஒரு புஸ்தகம் படிக்கறனுங்க. மூணு வாரம். முழுசும் கேட்டுட்டு முடிவு சொல்லுங்க."

அச்சகத்துக்குப் பைண்டு கட்ட வந்திருந்த ஒரு வக்கீலின் இங்கிலீஷ் புத்தகம் அது. முன்பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. எழுதியவர் பெயர் தெரியாது. இருநூறு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சீமையில் கிறிஸ்தவர்களிலேயே ஒரு பிரிவை இன்னொரு பிரிவு கொளுத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒருவன் உட்கார்ந்து நிதானமாக எழுதிய வாதம். முதல் பத்துப் பக்கத்திலேயே சவரிராயனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வக்கீலிடம் ஒரு மாதத் தவணை வாங்கிக்கொண்டான்.

முதல் வாரம் படித்தது: ஊரை ஆளுகிறவனிடம் நாம் உடலையும் பொருளையும்தான் காவலுக்கு ஒப்படைத்தோம், ஆத்துமாவை யாரும் ஒப்படைக்கவில்லை. இரண்டாம் வாரம்: அடித்தால் வாய் ஆமாம் என்று சொல்லும், மனசு சொல்லாது, மனசு சொல்லாத பூசையைக் கடவுள் எதற்கு வாங்கிக்கொள்ளப் போகிறார்? சவரிராயன் அதைத் தன் தமிழில் சொன்னான். பாவு நீவிய கைகள் அங்கங்கே நின்றன.

"ஆளு வெவரந்தான்" என்றார் கைலாசம். "இதுக்கப்புறம் அந்தக் கொலைக் கதையப் படி சவரி. அதையும் உட்டுறாத."

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் சவரிராயன் ஒரு தப்புச் செய்திருந்தான். தொடர்கதை படித்துப் பழகிய புத்தி. வாரத்துக்கு ஒரு பகுதி என்று அன்றன்றைக்கு வேண்டியதை மட்டுமே படித்துத் தமிழ்ப்படுத்தி வந்தான். கடைசிப் பகுதியை வெள்ளிக்கிழமை மத்தியானம்தான், அச்சகத்தில் சோற்று மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, முதன்முறையாகப் படித்தான்.

அதன் பிறகு சோற்று மூட்டையை மறுபடியும் கட்டிவைத்துவிட்டான்.

எல்லாருக்கும் இடம் கொடு, துருக்கனுக்குக் கொடு, யூதனுக்குக் கொடு, விக்கிரகம் கும்பிடுகிறவனுக்கும் கொடு என்று சொல்லி வந்த மனிதர், முடிவுக்கு ஐந்து பக்கம் முன்னால் நின்று, ஆனால் என்று ஆரம்பித்திருந்தார். கடவுளே இல்லை என்பவனுக்கு இடம் வேண்டாம். ரோமாபுரியில் இருக்கும் பெரிய குருவான பாப்பரசருக்குக் கட்டுப்பட்டவர்களுக்கும் வேண்டாம்.

அதாவது, சவரிராயனுக்கு. படுக்கையில் கிடந்த லாசருக்கு.

*

பாவடியில் வெயில் ஏறியிருந்தது. ஒரே ஒரு பாவுதான் இன்னும் விரிந்து கிடந்தது. தெய்வநாயகியுடையது. புருஷன் போன பிறகு இரண்டு தறியை ஒண்டியாக ஓட்டுகிறவள். நூலின் ஓரமாக நடந்து, கஞ்சி கட்டிய இடங்களை விரலால் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மேடையிலும் கீழேயுமாக முப்பது பேர்.

"வா சவரி" என்றார் கைலாசம். "அப்பன் எப்படி இருக்கறாரு?"

"படுத்தபடிதானுங்க."

"கஞ்சி கிஞ்சி எறங்குதா?"

"இல்லீங்க."

எதுவும் பொய் இல்லை. இருந்தாலும் காது இரண்டும் சுட்டன. அவன் வழக்கமான படியில் உட்காராமல் அதற்கும் கீழே மண்ணில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க, இன்னைக்கு எறங்கி உக்காந்துட்டீங்க?" என்றான் சரவணமுத்து. வழி கொடுக்கக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே சொல்லிவருகிறவன். "போன வாரமெல்லாம் சிம்மாசனத்துலயல்ல உக்காந்தீங்க."

"நெழல் இங்கதான இருக்குது."

"இன்னைக்கோட முடியுதா, இல்ல அடுத்த வாரமும் இழுப்பீங்களா? இன்னிக்குப் பொணத்துக்கு வழிம்பாங்க, நாளைக்கித் தேருக்கு வழிம்பாங்க. அதுக்கு ஒரு புஸ்தகம் வரும்."

"படிக்க உடு முத்து" என்றார் கைலாசம்.

சவரிராயன் படித்தான். ஒருவன் செய்வது அடுத்தவன் உடலுக்கோ பொருளுக்கோ சேதம் செய்தால் அது கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகவேண்டிய குற்றம். சேதம் இல்லையென்றால் அது அவனுக்கும் அவன் கடவுளுக்கும் நடுவில். ஒருவன் தன் வீட்டில் ஆட்டை அறுத்துத் தின்னலாமென்றால் அதே ஆட்டைச் சாமிக்கு முன்னால் அறுப்பதில் மட்டும் ஊருக்கு என்ன நஷ்டம்?

"மாரியாத்தாளுக்கு வெட்டறதச் சொல்றாப்லயே இருக்குது" என்று ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே மேற்கேயிருந்து ஒரு பெண் குரல் உயர்ந்து, யாரோ வாயைப் பொத்தியது போல அறுந்துபோனது.

சவரிராயனின் விரல் வரியில் நின்றுவிட்டது.

"உங்க பக்கம் யாரோ அழுவறாப்ல இருக்குது" என்றான் சரவணமுத்து.

"கொழந்தையா இருக்கும்."

"கொழந்தையா? நல்ல பெரிய கொழந்த."

சவரிராயன் தலையைத் தூக்காமல் அடுத்த வரிக்குத் தாவினான். இன்னும் அரைப் பக்கம். அப்புறம் அந்தத் தாள். அதைத் தாண்டிவிட்டால் முடிவுரை. அது தேன் போன்ற முடிவுரை. அதைப் படித்தால் கைலாசம் சம்மதம் என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு ஓடலாம். மணி அடிக்கலாம்.

பக்கம் முடிந்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டினான். அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தான்.

"நில்லுங்க சாமி."

தெய்வநாயகி பாவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். கை நூலில்தான் இருந்தது.

"ரெண்டு தாளு சேந்துருச்சு."

"ஒட்டிக்கிச்சுங்க."

"ஒட்டலீங்க. நீங்க சேத்துப் புடிச்சீங்க. ஒட்டுன தாளு வேற மாதிரி வரும். மூணு வாரமா உங்க கையத்தான பாத்துக்கிட்டிருக்கறேன். எனக்கு எழுத்தா தெரியும், வேற என்னத்தப் பாக்கறது?"

யாரும் சிரிக்கவில்லை.

சரவணமுத்து எழுந்து நின்றான். "அதுல என்னமோ இருக்குது. அதப் படிங்க."

சவரிராயன் தாளைத் திருப்பினான். அந்த எழுத்துகள் அவனைப் பார்த்தன. முப்பது பேரில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பழைய காலத்து ராஜா கதை என்று சொல்லலாம், ஏற்கெனவே சொன்னதையே இரண்டாம் தடவை சொல்கிறார் என்று சொல்லலாம். பத்து வருஷம் எழுத்துக் கோத்தவனுக்கு ஒரு பக்கம் இட்டுக்கட்டத் தெரியாதா? முதல் வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

வீட்டில் ஒன்றை மூடிவைத்துவிட்டு வந்திருந்தான். அதற்கு மேல் இன்னொன்றை மூட அவனிடம் தெம்பு இல்லை.

படித்தான். உள்ளதை உள்ளபடியே படித்தான். ரோமாபுரிக் குருவுக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று அந்தச் சீமைக்காரர் எழுதியதை, அப்படிக் கட்டுப்பட்ட கொத்தனார் லாசரின் மகன் தன் வாயால் தமிழில் சொல்லி முடித்தான்.

சரவணமுத்து மெதுவாகக் கை தட்டினான். "இத மொதல் வாரமே படிச்சிருந்தா மூணு ஞாயித்துக்கெழம மிச்சமாயிருக்கும். கேட்டீங்களா எல்லாரும்? எழுதுன புண்ணியவானே இவங்களுக்கு வழி உடாதீங்கங்கறான்."

கூட்டம் சலசலத்தது. சவரிராயன் புத்தகத்தை மூடவும் இல்லை, நிமிரவும் இல்லை. எட்டு மைல் சுற்றி ராசிபுரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே குழிக்கு இடம் கேட்க வேண்டும். இன்றைக்குள் ஆகாது.

"மறுக்காப் படி" என்றார் கைலாசம்.

"எதுங்க?"

"எதனால எடங் குடுக்கக் கூடாதுங்கறான்? அந்தக் காரணத்தப் படி."

"அவங்க ரோமாபுரி குரு சொல்றதத்தான் கேப்பாங்களாம். ராஜாவுக்கு அடங்க மாட்டாங்களாம். அதனால நம்பக் கூடாதுன்னு..."

"எந்த ராஜாவுக்கு?"

"சீமை ராஜாவுக்குங்க."

கைலாசம் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். அவசரப்படவில்லை.

"ஏம்பா முத்து, எம் பையன் மணியன் எதுக்குக் களி திங்கறான்?"

சரவணமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சொல்லு. கோழி திருடினானா?"

"சீமை ராஜாவுக்கு அடங்க மாட்டேன்னு..." என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"அப்ப இந்த ஆளு ஊருல எம் பையனுக்கும் எடமில்ல. கதர் கட்டிக்கிட்டு இங்க உக்காந்திருக்கறீங்களே, உங்களுக்கும் இல்ல. உனக்கும்தான் முத்து. போன வருஷம் நீயுந்தான கள்ளுக்கடை மறியல்ல நின்ன?"

"ஒரு நாளுதான் நின்னேன்" என்றான் சரவணமுத்து. சிரிப்பு கிளம்பிற்று.

"அவன் நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தான்" என்றார் கைலாசம். "கடைசில பயந்துட்டான். யாரு ராஜா காதுல போட்டுக் குடுப்பானோன்னு பயந்துக்கிட்டு எழுதுன பக்கம் அது. அத உட்டுருவோம். மத்ததுக்கு நாம என்ன சொல்றோம்? நான் சொல்றேன். வழி உடலாம். ஆனா பாவு கெடக்கற நேரம் ஆகாது. நெலவரம் தெரிஞ்சதும் மொத நாளே சொல்லிரு சவரி, பாவெல்லாம் சுருட்டி எடுத்துர்றோம். உங்கப்பன் இன்னும் நாலு மாசம் இருக்கட்டும்."

சவரிராயன் எழுந்து நின்றான்.

"நாலு மாசம் இல்லீங்க."

"என்ன?"

"காத்தால அஞ்சரைக்கே போயிட்டாருங்க."

எல்லாரும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தார்கள். அவனைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது.

"தீட்டோட வந்து பாவடில உக்காந்திருக்கறான்" என்றான் சரவணமுத்து. இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை, உண்மையாகவே பதறியிருந்தான். "பாவு விரிஞ்சு கெடக்குது. பாத்துக்கிட்டே பக்கத்துல உக்காந்திருக்கறான்."

"ஏன்டா சொல்லல?" கைலாசத்தின் முகம் கறுத்திருந்தது.

"சொன்னா உள்ள உட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதானுங்க."

சொல்லும்போதே தெரிந்தது, அது சமாதானம் ஆகாது என்று. எல்லாருடைய கண்ணும் பாவின் பக்கம் திரும்பியது. அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் பக்கம் திரும்பியது. நஷ்டப்பட்டவள் அவள்தான். அவள் வாயைத் திறந்து நாசமாய்ப் போச்சு என்று சொன்னால் போதும், கைலாசம் கொடுத்த வாக்கு அங்கேயே முடிந்துவிடும்.

தெய்வநாயகி கையை நூலிலிருந்து எடுத்தாள்.

"அடுத்தவன் பொருளுக்குச் சேதம் வந்தாக் குத்தம். அப்படித்தான படிச்சீங்க?"

"ஆமாங்க."

"இந்தப் பாவு யாரு பொருளு?"

"உங்களுதுங்க."

"அப்ப சேதமா இல்லையான்னு நான்தான் சொல்லோணும். முத்தண்ணன் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது."

அவள் பாவின் ஒரு முனைக்குப் போனாள். அங்கிருந்து விரல்களை நூலின் மேல் வைத்தபடி நடந்து வந்தாள். நாற்பது முழம். ஓர் இடத்தில் நின்று குனிந்தாள். ஒரு முடிச்சை நகத்தால் நெருடிவிட்டு மறுபடி நடந்தாள். கடைசிவரை போனாள். திரும்பி அவன் நின்ற வட்டத்தின் ஓரத்துக்கு வந்து நின்றாள்.

"இழை ஒண்ணும் அறுகல. கஞ்சியும் நல்லாக் காஞ்சிருக்குது."

யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஆனா எனக்கு மனசு ஒப்பல" என்றாள்.

சவரிராயன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சாத்தான் நான் இதத் தறில ஏத்துவேன். அது வெறும் பொய்யின்னு நீங்க சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேனுங்க."

"நீங்க சிலுவையப் புடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிட்டு வருவீங்க. அதப் பொய்யின்னு நானும் சொல்லல. என்ன பாட்டுன்னே எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரத்துல பாவச் சுருட்டிருவேன். அப்புறம் உங்கப்பனத் தூக்கிட்டு வாங்க."

சவரிராயன் கும்பிட்டான்.

"கும்பிடாதீங்க. அப்பன் செத்துக் கெடக்க, படுத்திருக்கறாருன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு ஆறல. அதுக்கு மஞ்சத்தண்ணி கெடையாது."

அவன் கையைக் கீழே போட்டான்.

"நான் ஒப்புக்கல" என்றான் சரவணமுத்து. "ஒப்புக்கலன்னு எழுதி வெச்சுக்கங்க."

"எழுதற பையன் ஜெயில்ல இருக்கறான்" என்றார் கைலாசம். "வந்ததும் எழுதிக்கலாம். சவரி, நீ மொதல்ல ஊட்டுக்குப் போ. உன் ஊட்டுல அழுவட்டும்."

சவரிராயன் ஓடினான். வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே மணியடிக்கச் சொல்லிக் கத்தினான். மணி அடித்ததா, செல்வமேரியின் குரல் முதலில் எழுந்ததா, அவனுக்கு நினைவில்லை.

*

சாமியார் மூன்றேகாலுக்கு வந்தார். நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள்.

பாவடி காலியாகக் கிடந்தது. நெசவுக்காரர் வீடுகளில் பாதி வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். பாதி வாசல்கள் சாத்தியிருந்தன. சரவணமுத்துவின் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் ஆள் நிற்பது கீழ் இடுக்கில் காலாகத் தெரிந்தது. முன்னால் சிலுவை போனது. பாட்டு ஆரம்பித்தது, நடுவில் தழுதழுத்தது, பிறகு மெதுவாகத் தொடர்ந்தது.

பெட்டியின் முன்கோடி சவரிராயன் தோளில் இருந்தது. அவன் பாட்டில் சேரவில்லை. இரண்டு பக்கமும் பார்க்கவும் இல்லை. எங்கிருந்தாவது ஒரு கல் வருமென்று காது மட்டும் காத்திருந்தது. பாதி மைதானம் தாண்டியது. முக்கால் தாண்டியது. ஒன்றும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் எழுந்து வழிவிட்டுப் போய்ப் படுத்தது.

கிழக்கு முனையில், மைதானத்துக்கு வெளியே, தெய்வநாயகி ஒரு பித்தளைச் செம்போடும் வேப்பங்கொத்தோடும் ஒதுங்கி நின்றாள். பெட்டி அவளைத் தாண்டியது. அவள் அசையவில்லை. பின்னால் வந்த பெண்கள் தாண்டும் வரை நின்றாள். கடைசி ஆளின் கால் பாவடி எல்லையை விட்டு வெளியே வந்ததும், அவர்கள் நடந்த தடத்தின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே உள்ளே போனாள்.

தண்ணீர் மண்ணில் விழும் சத்தம் சவரிராயனுக்குக் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தோளை மாற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ஏரி மேட்டில் ஏறினான்.